வெஸ்லி பாலத்தின் பழைய படம் உங்களிடம் இருக்கிறதா?

கொள்ளேகாலில் இருக்கும் பெரியவர்களுக்கும், கூடப் படித்தவர்களுக்கும், தறி வீட்டு அண்ணன் அக்காமார்களுக்கும்,

சிவனசமுத்திரம் போகும் வழியில் இருக்கும் நம் வெஸ்லி பாலத்தைப் பற்றி உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். அதற்கு முன் வேல்ஸ் நாட்டில் ஒரு கோட்டைக்கு நாங்கள் குடும்பத்தோடு போய்வந்த கதையைச் சொல்கிறேன். அந்தக் கோட்டைக்கும் நம் பாலத்துக்கும் தொடர்பு உண்டு என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அம்மாதான்.

பொங்கல் முடிந்து அம்மா இங்கே பர்மிங்ஹாமுக்கு வந்திருந்தார். பிப்ரவரி நடுவில் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒரு வாரம் விடுமுறை. அம்மா இங்கே பார்த்ததெல்லாம் கடைத்தெருவும் எங்கள் வீட்டு ஜன்னலும்தான். ஒரு நாளாவது வெளியே கூட்டிப் போகலாம் என்று கிளம்பினோம். மாதேஸ்வரன் மலையில் மார்கழி விடியலில் அடிக்கும் குளிர்தான் அதுவரை அம்மா அறிந்த குளிர். இங்கே காலையில் கார்க் கண்ணாடி முழுதும் பனி இறுகிப்போய், பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அம்மா சேலைக்குள் கம்பளிக் கால்சட்டை, இரண்டு ஜோடி காலுறை, தலைக்குக் குரங்குக் குல்லா, மேலே ஒடெயர்பாளையத்துத் திபெத்தியரிடம் வாங்கிய மெரூன் ஸ்வெட்டர், அதற்கும் மேலே என் பழைய கோட்டு என்று தயாரானார். இங்கே கடையில் வாங்கித் தந்த எதையும்விட அந்த ஸ்வெட்டர்தான் குளிர் தாங்குகிறது என்பது அவர் கட்சி. புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், ஃபிளாஸ்க்கில் காபி எல்லாம் கட்டிக்கொண்டோம்.

ஷ்ரூஸ்பரி தாண்டி மேற்கே போனால் வேல்ஸ் எல்லை. அதை ஒட்டி வெல்ஷ்பூல் என்று ஒரு சிற்றூர். ஊருக்குப் பக்கத்துப் பாறைமேட்டில் பௌவிஸ் கோட்டை நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் ஒரு வேல்ஸ் சிற்றரசர் கட்டத் தொடங்கியது. சிவப்பு மணற்கல். கீழே மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் தோட்டம். மேலே முப்பதடி உயரத்துக்கு மேகம்போல் கத்தரித்து வளர்த்த யூ மரங்கள். அவற்றைக் கத்தரித்து முடிக்க மாதக்கணக்காகும் என்றார்கள். நாங்கள் போன அன்று அந்த மரங்களின் நிழல் விழுந்த இடத்திலெல்லாம் மதியம் வரை வெண்பனி கரையவில்லை. அந்தப் பனிப் புல்லில் மயில்கள் நடந்துகொண்டிருந்தன. பிளிகிரிரங்கன் மலை அடிவாரத்தில் பார்த்த மயில் இங்கே எப்படி வந்தது, இதற்குக் குளிராதா என்று அம்மா வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

கல் கட்டடம் என்பதால் உள்ளேயும் குளிர்தான். வருகிறவர்கள் வசதிக்காக அங்கே சூடேற்றுவதில்லை. பழைய துணியும் மரமும் கெடாதபடி காற்றில் ஈரப்பதம் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். வெளிச்சமும் மங்கல்தான், சாயம் வெளுத்துவிடும் என்று.

இந்தக் கோட்டைக்குள் கிளைவ் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவிலிருந்தும் கிழக்காசியாவிலிருந்தும் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அந்தத் தொகுப்பில் உண்டு. ஆற்காட்டிலும் பிளாசியிலும் போரிட்ட ராபர்ட் கிளைவை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் கவர்னர். எட்வர்டின் மனைவி ஹென்ரியட்டா இந்தக் கோட்டைக் குடும்பத்துப் பெண். அவர் மெட்ராஸில் இருந்தபோதுதான், 1799 மே 4 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஹென்ரியட்டா தன் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு மெட்ராஸிலிருந்து புறப்பட்டு, பெங்களூரு, ஸ்ரீரங்கப்பட்டணம் பார்த்து, கோயம்புத்தூர், தஞ்சாவூர் வழியே ஏழு மாதம் சுற்றி வந்தார். இளையவள் சார்லட்டுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. பின்னாளில் அவளே விக்டோரியா ராணியின் சிறுவயதில் அவருக்கு வளர்ப்பாசிரியையாக இருந்தாள். என் மகளுக்கும் ஏறக்குறைய அதே வயது என்பதால், நம் பக்கத்து மலைகளையும் ஆறுகளையும் அந்தப் பிள்ளை பல்லக்கிலும் யானையிலும் எப்படிப் பார்த்திருப்பாள் என்று என்னை நச்சரித்துவிட்டாள்.

அங்கே திப்புவின் கூடாரம் இருக்கிறது. அதைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்களுக்குத்தான் அது புரியும். பருத்தித் துணி, சீட்டி வேலை. வெள்ளைத் தளத்தில் வரிசையாக மாடங்கள், மாடத்துக்கு ஒரு பூச்சாடி, சாடியிலிருந்து சிவப்பும் பச்சையுமாய்ப் பூக்கள். கிட்டத்தட்ட முந்நூறு வருடத்துத் துணி அது; திப்பு பிறப்பதற்கு முன்பே நெய்து சாயமிட்டது. இந்தக் குடும்பத்தார் பிறகு அதைத் தங்கள் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகவும் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு வெயிலும் மழையும் பட்டும் சிவப்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது.

அம்மா இளவயதில் பட்டுக்கூடு அவித்து நூலெடுத்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கொதிநீரில் விரல் விட்டு நூல் முனை பிடித்த கை அது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி குனிந்து குனிந்து பார்த்தார். "சாயக்காரன் கெட்டிக்காரன்டா. பூவுக்குப் பூ சிவப்பு ஒரே மாதிரி நிக்குது பாரு" என்றார். அறையில் காவலுக்கு இருந்த வயதான தன்னார்வலர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அம்மா சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். துணியைத் தெரிந்தவர்கள் வந்து பார்ப்பது அபூர்வம் என்றார்.

பட்டு என்றதும் சொல்லத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் ஊர்ப்பேரைச் சொன்னால் சினிமாவில் பார்த்த மந்திரவாதியைத்தான் கேட்கிறார்கள். இங்கே பர்மிங்ஹாம் கோயிலில் சந்திக்கும் தமிழர்களும் அப்படித்தான். நம் ஊரின் உண்மையான வித்தை பட்டு. மைசூர் நாட்டில் பட்டுப்புழு வளர்ப்பை வேரூன்றச் செய்தவர் திப்பு. வங்காளத்துக்கு ஆள் அனுப்பிப் புழு வரவழைத்து, இருபத்தொரு இடங்களில் வளர்க்கச் சொல்லி உத்தரவிட்டார். பின்னால் நாம் மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த காலத்தில், அந்த மாகாணத்தின் பட்டு விவசாயம் பெரும்பாலும் கொள்ளேகால் தாலுகாவில்தான் இருந்தது. திப்புவைப் பற்றி நமக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம் உண்டு என்று எனக்குத் தெரியும். அந்த வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. நம் வீட்டுக் கல்யாணச் சேலைகளின் பின்னால் அவர் போட்ட உத்தரவு ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் பதிந்து வைக்கிறேன்.

அடுத்த கண்ணாடிப் பெட்டியில் இருந்தது ஒரு தங்கப் புலித்தலை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கண்ணிலும் நெற்றியிலும் சிவப்பும் பச்சையுமாய்க் கற்கள். வாய் திறந்து பல் தெரிகிறது. திப்புவின் எண்கோணச் சிம்மாசனத்தைச் சுற்றியிருந்த கிராதியில் இப்படி எட்டுத் தலைகள் இருந்தன. இங்கிலீஷ்காரர்களை வென்ற பிறகுதான் ஏறி உட்காருவேன் என்று திப்பு அந்தச் சிம்மாசனத்தில் கடைசிவரை ஏறவில்லை என்பார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் கொள்ளைப் பொருளைப் பங்கு பிரிக்கும் அதிகாரிகள் சிம்மாசனத்தை உடைத்தார்கள். அடியில் இருந்த பெரிய புலித்தலையும் உச்சியில் இருந்த ஹுமா பறவையும் இன்று வின்ட்சர் அரண்மனைச் சொத்து. எட்டுச் சிறிய தலைகளில் இது ஒன்று.

என் மகள் விளக்க அட்டையைச் சத்தமாகத் தமிழாக்கிக்கொண்டே வந்தாள். இந்தப் புலித்தலையை ஹென்ரியட்டாவுக்குக் கொடுத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி என்றாள்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "நம்ம வெஸ்லி பாலத்து வெஸ்லியா?"

ஆம், அவரேதான். ரிச்சர்ட் வெல்லெஸ்லி. படையெடுப்புக்கு உத்தரவிட்டவர். சிவனசமுத்திரத்தில் காவிரியின் குறுக்கே நிற்கும் நம் பாலத்துக்கு வைத்தது அவர் பெயர். நம் வாயில் அது வெஸ்லி ஆகிவிட்டது. சின்ன வயதில் பரச்சுக்கி அருவிக்குப் போகும்போதெல்லாம் நாம் அந்தப் பாலத்தில் நின்று தண்ணீர் பார்த்திருக்கிறோம். யார் அந்த வெஸ்லி என்று நாம் ஒருவரும் கேட்டதில்லை. சிம்மாசனத்துப் புலியைப் பரிசாகக் கொடுத்தவரின் பெயர்தான் நம் ஆற்றின்மேல் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள அம்மா கடல் தாண்டி வந்து, விரல் விறைக்கும் குளிரில் நிற்க வேண்டியிருந்தது.

பெயர்தான் அவருடையது, பாலம் அவர் கட்டியதல்ல. கட்டியவர் தமிழர். மைசூர் ரெசிடென்டிடம் நம்பிக்கைக்குரிய பணியாளராக இருந்த ராமசாமி முதலியார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவனசமுத்திரத் தீவு காடு மண்டிக் கிடந்தபோது முதலியார் அங்கே வந்து குடியேறி, பாழடைந்த கோயில்களைச் சீர்செய்து, இரண்டு கிளை ஆற்றின்மேலும் பாலம் அமைத்தார். அதற்காக ஜனோபகார காமகர்த்தா என்ற பட்டமும் சிவனசமுத்திரம் ஜாகீரும் அவருக்குக் கிடைத்தன. ஆற்றின் பாறைப் படுகையிலேயே செதுக்கிய கல்தூண்களை நிறுத்தி, மேலே நீளக் கற்களைப் படுக்கவைத்துக் கட்டியது நம் வெஸ்லி பாலம். அருகில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் தூண்களுக்கு நடுவே பிரிந்து போவதே ஒரு அழகு. ஏறக்குறைய இருநூறு ஆண்டு அப்படி நின்றது. 2018ல் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி வந்த வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போனது. அந்தச் செய்தி வந்த அன்று இங்கே எங்கள் வீட்டில் ஒரு சாவு வீட்டு அமைதி இருந்தது. அது ஏன் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கோட்டையிலிருந்து வெளியே வந்து, கார் நிறுத்தத்தில் ஹீட்டரைப் போட்டுவிட்டு வண்டிக்குள்ளேயே புளியோதரை சாப்பிட்டோம். சோறு விறைத்திருந்தது. காபி மட்டும் சூடு. அம்மா பாலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் அப்பாவோடு பரச்சுக்கி போனது, பாலத்தின் நடுவில் யாரோ படம் எடுத்தது, அந்தப் படம் ஊரில் ட்ரங்குப் பெட்டியில் இருப்பது. ஊரில் இருக்கும் தம்பியிடம் அன்றே போனில் சொல்லி அந்தப் படத்தை எடுக்கச் சொன்னேன். அதில் அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா. இன்னொருவர் யார் என்று தம்பிக்குத் தெரியவில்லை. படத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்தது: அப்பாவோடு ஒரே வீட்டில் தறி ஓட்டியவர். பெயரைச் சொன்னார், தம்பி எழுதிக்கொண்டான். அந்தப் படத்தில் அவர்களுக்குப் பின்னால் வெள்ளம் கொண்டுபோன தூண்கள் முழுசாக நிற்கின்றன.

இதைத்தான் உங்களிடம் கேட்க வந்தேன்.

நம் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கும். பள்ளிச் சுற்றுலா, புதுமணத் தம்பதி, ஊரிலிருந்து வந்த மச்சானுக்கு அருவி காட்டப் போனது என்று ஏதோ ஒன்று. பாலத்தின் மேலேயோ பக்கத்திலேயோ நின்று எடுத்தது. அவற்றை வெளியே எடுங்கள். பாலத்தை யார் எப்போது சீராக்கினாலும், முன்பு எந்தத் தூண் எப்படி நின்றது, கைப்பிடிக் கல் எவ்வளவு உயரம், மேல்தளம் எப்படி இருந்தது என்பதற்கு நம் வீட்டுப் படங்களைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நின்ற ஆளின் இடுப்பு உயரத்தை வைத்துக் கல்லின் உயரத்தையே கணக்கிட்டுவிட முடியும். அரசு தொல்லியல் துறைக்குக் கொடுக்கும் மனுவில் வெறும் வார்த்தையை மட்டும் எழுதாமல் நாற்பது ஐம்பது படங்களை இணைத்துக் கொடுப்போம்.

இரண்டாவது, காகிதங்கள். 1799க்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி நம் பகுதியைக் கோயம்புத்தூரோடு சேர்த்துக்கொண்டது. 1956 நவம்பர் 1 வரை நாம் மெட்ராஸ் ராஜ்யத்தில், கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தோம். பிறகு மைசூர். 1997லிருந்து சாமராஜநகர் மாவட்டம். என் தாத்தாவின் நிலப் பத்திரத்தில் 'கோயமுத்தூர் ஜில்லா கொள்ளேகால் தாலுகா' என்று தமிழில் எழுதியிருப்பதை நான் என் பிள்ளைகளிடம் காட்டியபோது அவர்கள் நம்பவில்லை. பாகம் பிரித்து, பட்டா மாறி, கணினியில் ஏறிய பிறகு பழைய பத்திரங்களைப் பலர் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். காவிரித் தகராறு வந்து பஸ் நிற்கும் ஒவ்வொரு முறையும் 'நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்' என்ற கேள்வியை நம் பிள்ளைகள் எதிர்கொள்கிறார்கள். நாம் எங்கிருந்தும் வரவில்லை, இங்கேயே இருந்தோம், கோடுதான் நம்மைச் சுற்றி நகர்ந்தது என்று சண்டை போடாமல் சொல்ல அந்தப் பத்திரம் போதும். கன்னடம் பேசும் நம் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் இதையே கேளுங்கள். பாலம் அவர்களுக்கும்தான் சொந்தம். அவர்கள் பெட்டியிலும் அதே ஜில்லாவின் பத்திரங்கள் இருக்கும்.

மூன்றாவதாக, கல்வேலை செய்த குடும்பங்கள். சத்தேகால் பக்கத்திலோ தீவிலோ 'எங்கள் முப்பாட்டன் அந்தப் பாலத்துக்குக் கல் செதுக்கினார்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் அதை எழுதிவையுங்கள். செவிவழிக் கதைதானே என்று ஒதுக்க வேண்டாம். பௌவிஸ் கோட்டையில் கவர்னர் பெயர், அவர் மனைவி பெயர், மகள்கள் பெயர், கூட வந்து திப்புவின் சிம்மாசனத்தை ஓவியமாகத் தீட்டிய இத்தாலியப் பெண் அன்னா டொனெல்லியின் பெயர்வரை இருக்கிறது. ஏனென்றால் அவர்கள் வீட்டில் கடிதத்தையும் நாட்குறிப்பையும் எடுத்து வைத்தார்கள். அந்தச் சிவப்பு நிற்கும்படி சாயம் போட்டவர் யார் என்பது மட்டும் எங்கும் இல்லை. நம் பக்கத்தில் அதைச் சேர்த்து வைக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. எண்பது வயதில் இருப்பவர்களிடம் கேட்டால் அவர்கள் தாத்தா சொன்னது வரும். அது நம்மைப் பாலம் கட்டிய காலத்துக்குக் கிட்டே கொண்டுபோய்விடும்.

அந்தப் புலித்தலை திரும்பி வர வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவும் கேட்டார். வர வேண்டும் என்பதுதான் என் எண்ணம். போரில் விழுந்தவரின் வீட்டை உடைத்து எடுத்ததைப் பரிசு என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அதைக் காட்டிப் பணம் வாங்குவதும் ஒப்பவில்லை. 2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் திப்புவின் வாள் ஒன்று 1.4 கோடி பவுண்டுக்குப் போனது. அந்த விலையில் போகும் பொருள்களைப் பற்றிப் பேச அரசுகளும் நீதிமன்றங்களும் வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். வெஸ்லி பாலத்தின் படத்துக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அது நம் வீட்டில், பரணில், நம் சாவி போட்ட பெட்டியில் இருக்கிறது.

சிவராத்திரிக்கு நான் ஊருக்கு வருகிறேன். மாதேஸ்வரன் மலைக்கு நடப்பவர்களோடு நடந்து திரும்பிய பிறகு ஒரு வாரம் கொள்ளேகாலில்தான் இருப்பேன். நல்ல ஸ்கேனர் ஒன்று கொண்டுவருகிறேன். படத்தையோ பத்திரத்தையோ யாரும் என்னிடம் கொடுத்துவிட வேண்டாம். உங்கள் கண் முன்னாலேயே நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்கள் கையிலேயே தந்துவிடுவேன். நகல்கள் ஊர் நூலகத்திலும் நம் சங்கத்திலும் ஒவ்வொரு தொகுதி இருக்கட்டும்.

அதுவரை ஒன்று மட்டும் செய்து வையுங்கள். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்களை உட்காரவைத்து, இடமிருந்து வலமாகப் பெயர் கேட்டு, பின்பக்கம் எழுதிவிடுங்கள். மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மை கொஞ்ச வருடத்தில் ஊறி வந்துவிடும். ஈரமான சுவரில் படம் மாட்டியிருந்தால் மழைக்காலத்துக்கு முன் கழற்றிவிடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம், சட்டத்தோடு அப்படியே வைத்திருங்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
பர்மிங்ஹாமிலிருந்து உங்கள் ஊர்ப்பிள்ளை